மேலும் ஆய்வு தேவை

வெயிலப் பத்தி ஆராய்ச்சி பண்ற ஒரு டிபார்ட்மென்ட். அங்க சௌந்தரவல்லி மேடம்னு ஒரு பிஎச்டி கைடு. அதிகம் பேச மாட்டாங்க. எத கேட்டாலும் திருப்பி ஒரு கேள்வி கேப்பாங்க, அவ்வளவுதான். அதுக்கே ஸ்காலருங்க பயப்படுவாங்க.

அவங்ககிட்ட பிஎச்டி பண்றவன் தவசி. தகரக் கூரை போட்ட ஸ்கூல்கள்ல மீட்டர் மாட்டி, மத்தியானத்துல கிளாஸுக்குள்ள எவ்வளவு சூடுன்னு போன கோடை முழுக்க அளந்தவன்.

இந்த வருஷம் வெயில் ஆரம்பிச்ச நேரம். ஒரு காலைல மேடம் சொன்னாங்க, "சட்டமன்றக் குழு கலெக்டர் ஆபீசுக்கு வந்திருக்கு. தகரக் கூரைக்குக் கீழ மத்தியானக் கிளாஸ் நடத்தலாமா வேணாமான்னு இன்னிக்கு முடிவு பண்றாங்க. நீ போய்ப் பேசு."

தவசிக்கு இஷ்டமில்ல.

"அளக்கறது நம்ம வேலை மேடம். அரசியல்வாதி முன்னாடி போய் நிக்கறதெல்லாம் நமக்கு எதுக்கு?"

"அளந்தத அவங்களுக்கு யாரு சொல்லுவா?"

"பேப்பர் போட்டிருக்கோமே."

"படிச்சிருப்பாங்களா?"

பக்கத்து டேபிள்ல இருந்த ஜூனியர் பெனாசிர் தலைய தூக்காமலே சொன்னா, "இந்த லேபுல நானே இன்னும் படிக்கலண்ணே."

தவசி கிளம்பிப் போனான்.

குழுத் தலைவி ஒரு எம்எல்ஏ அம்மா. தவசி சராசரி சொன்னான், பிழை வீச்சு சொன்னான், மூணே ஸ்கூல்தான், ஒரே கோடைதான்னும் சொன்னான். அந்தம்மா கையக் காட்டி நிறுத்தினாங்க.

"தம்பி, எனக்குப் புரியற மாதிரி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பிள்ளைங்கள மத்தியானம் அதுக்குள்ள உக்கார வைக்கலாமா, கூடாதா?"

தவசி வாயில அவன் பேப்பரோட கடைசி வரி வந்துச்சு. அவன் பேப்பர்னு இல்ல, யாரு பேப்பர எடுத்தாலும் கடைசில அந்த வரிதான் இருக்கும். யோசிச்சு எழுதறதில்ல, கை தானா எழுதிரும்.

"இது குறித்து மேலும் ஆய்வு தேவைங்க."

அந்தம்மா நிம்மதியா சேர்ல சாஞ்சாங்க. "பாத்தீங்களா, படிச்ச பிள்ளையே சொல்லுது. அவசரப்பட வேணாம். இந்த வருஷம் இப்படியே போகட்டும். ஆய்வ தம்பிகிட்டயே குடுத்துருவோம். சாப்பிட்டு வந்து மத்தவங்களயும் கேட்டுட்டு, சாயங்காலம் அறிக்கைல சேத்துருங்க."

வெளிய வந்தா, உள்ள பேசினதெல்லாம் கேட்டுட்டு ஸ்டெல்லா டீச்சர் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாங்க. அவங்க ஸ்கூல்லதான் தவசி முதல் மீட்டர மாட்டினான்.

"அடுத்த வருஷமும் மீட்டர் மாட்ட வருவீங்கள்ல தம்பி? வாங்க. ஆணிய நான் புடுங்கவே இல்ல."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. தவசியால சிரிக்க முடியல.

லேபுக்கு வந்து நடந்தத சொன்னான். பெனாசிர் எழுந்து கும்பிடு போட்டா. "புராஜெக்ட் சார், எனக்கும் ஒரு ஃபெலோஷிப் பாத்துப் போடுங்க."

மேடம் கேட்டாங்க, "நீ சொன்னது பொய்யா?"

"இல்ல மேடம். ஆய்வு தேவைதான். மூணு ஸ்கூல வச்சு எப்படி அடிச்சுச் சொல்றது?"

"சரி. எப்படி பண்ணப் போற?"

இது தெரிஞ்ச கேள்வி. தவசி நிமிந்து உக்காந்தான். "ரெண்டு குரூப் மேடம். ஒரு குரூப் பிள்ளைங்கள மத்தியானம் வேப்பமரத்தடிக்கு மாத்திருவோம். இன்னொரு குரூப் தகரத்துக்குக் கீழயே. கோடை முடிய பல்ஸ், தலைவலி, வாந்தி எல்லாம் பதிவு பண்ணி ஒப்பிடுவோம்."

"யாரு எந்தக் குரூப்?"

"குலுக்கல்லதான். நாமளா பிரிச்சா சரிவராது."

"சரிதான்."

மேடம் ஒரு ஏ-ஃபோர் தாள எடுத்தாங்க. ஸ்கேல் வச்சு சின்னச் சின்னச் சீட்டா கிழிச்சாங்க. பேனாவ தொறந்தாங்க.

"ஸ்டெல்லா டீச்சர் கிளாஸ்ல இருந்தே ஆரம்பிப்போம். பேரச் சொல்லு."

"இப்பவேவா மேடம்?"

"கோடை முழுக்க அங்கதானே இருந்த. பேரு தெரியாதா?"

"தெரியும். சுடலைவடிவு."

எழுதினாங்க. சீட்ட மடிச்சு டேபிள் மேல இருந்த ஒரு டப்பால போட்டாங்க.

"அடுத்து?"

"அந்தோணிச்செல்வம்." போன வருஷம் பெஞ்சுல தலைய கவுத்தவன், உலுக்கியும் எந்திரிக்காம கிடந்தவன். அன்னிக்கு மீட்டர்ல என்ன இருந்துச்சுன்னு தவசி முதல்ல குறிச்சுக்கிட்டான். அப்புறம்தான் தண்ணி எடுக்க ஓடினான்.

"அடுத்து?"

பேனா காத்துக்கிட்டே இருந்துச்சு.

தவசி எழுந்து ஹெல்மெட்ட எடுத்தான். பெனாசிரும் அவ பைய தோள்ல மாட்டினா.

"எங்க?"ன்னாங்க மேடம்.

"கலெக்டர் ஆபீசுக்கு. அறிக்கை சாயங்காலம்தானே மேடம்."

"போய் என்ன சொல்லப் போற?"

"உக்கார வைக்கக் கூடாதுன்னு."

"மூணு ஸ்கூல்தானே இருக்கு உன்கிட்ட."

"ஆமா. அதையும் சொல்லுவேன்."

மேடம் பேனாவ மூடினாங்க.

"எத முதல்ல சொல்லுவ?"

தவசி கதவுகிட்ட இருந்து திரும்பி வந்து, டப்பால கிடந்த அந்தோணிச்செல்வம் சீட்ட எடுத்துச் சட்டைப் பையில வச்சுக்கிட்டான்.