மேல் தண்ணீர்

அல்போன்ஸின் தூண்டில் கம்பு நாலாவது முறையாக வளைந்தது.

ரங்கதுரை அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று இருந்தான். பார்த்தான்.

"மாஸ்டர், இது நியாயமா?"

ஹாலன் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கம்பில் நூல் ஓடும் வளையங்களில் உறைந்திருந்த பனியை ஒவ்வொன்றாக வாயால் ஊதிக் கரைத்துக்கொண்டிருந்தார்.

"எது சார்?"

"அவனை இந்த ஆத்துக்குக் கூட்டிட்டு வந்ததே நான். போன மார்கழியில. அதுவரைக்கும் அவன் மீனைத் தட்டுல மட்டும்தான் பார்த்திருக்கான். நான் ஆறு வருஷமா வர்றேன்."

"ஆமா சார்."

"வீசுறதைப் பாருங்க. ஈரத் துணி உதறுற மாதிரி."

"அப்படித்தான் வீசுறார்."

"அப்புறம் எப்படி?"

ஹாலன் அடுத்த வளையத்தை ஊதினார்.

அவர் ட்ரவுட் மீன் பண்ணையில் குஞ்சு வளர்ப்பவர். இருவரையும்விடப் பத்து வயது இளையவர். சேவல் இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டவும், அதை நீரில் வீசவும் அவரிடம்தான் இருவரும் கற்றார்கள். அவர்கள் அவரை மாஸ்டர் என்றார்கள். அவர் அவர்களை சார் என்றார்.

"அவனுக்கு வேற பூச்சி கட்டிக் கொடுத்தீங்களா?"

"ஒரே சேவல் சார். ஒரே கழுத்து இறகு."

கீழே அல்போன்ஸ் கையை நனைத்துக்கொண்டு மீனை வலையிலிருந்து எடுத்தான். விலாவில் ரோஜா நிறக் கோடு. தண்ணீருக்குள் ஒரு கணம் பிடித்திருந்து விட்டுவிட்டான்.

"டேய் ரங்கா! பார்த்தியா? முழங்கை நீளம்!"

"பார்த்தேன்."

"நீ இன்னும் மேல போடா. மேல் தண்ணி உனக்கு. நான் கீழேயே பொறுக்கிக்கறேன்."

பொறுக்கிக்கொள்கிறானாம். நாலு பொறுக்கியாகிவிட்டது.

ஓட்டத்தில் மேலே நிற்பவனுக்குத்தான் யாரும் கால் வைக்காத தண்ணீர் கிடைக்கும். காலையிலிருந்து ரங்கதுரை அதை விட்டுக்கொடுக்கவில்லை. அல்போன்ஸ் ஒரு மீன் பிடித்ததும் இவன் இன்னும் பத்தடி மேலே போய் இறங்குவான். நாலு வீச்சு வீசுவான். ஒன்றும் இல்லையென்றால் இடது பக்கம். பிறகு வலது பக்கம். அதற்குள் கீழே சிரிப்புச் சத்தம் கேட்கும்.

"மாஸ்டர், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அடுத்த வாரத்திலேருந்து அவன் வேண்டாம். நான் சொன்னா நல்லா இருக்காது. முப்பத்தஞ்சு வருஷப் பழக்கம். நீங்க சொல்லிடுங்க. ஒருத்தருக்குத்தான் சொல்லித்தர முடியும்னு."

"சொல்லிடறேன்."

ரங்கதுரை இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

"நிஜமாவா?"

"கிளம்பறப்ப இன்னொரு தடவை கேட்கறேன். அப்பவும் சொல்லச் சொன்னீங்கன்னா சொல்லிடறேன்."

ஹாலன் எழுந்து தண்ணீரில் இறங்கினார். சத்தமே இல்லை. ரங்கதுரையின் பக்கத்தில் வந்து நின்று, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, ஆற்றின் அடியிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். திருப்பிக் காட்டினார்.

கல்லின் அடிப்புறம் நெளிந்தது. சிறு புழுக்கள். மணலை ஒட்டிக் கட்டிய அரிசி அளவுக் கூடுகள். கால்களைப் பரப்பிக்கொண்டு ஒட்டியிருந்த பூச்சிக் குஞ்சுகள்.

"குளிர்ல மீன் இதுக்காக அலையாது சார். தானா வந்தா வாயைத் திறக்கும்."

கல்லை நீரில் அலசினார். புழுக்கள் ஓட்டத்தோடு போயின.

ரங்கதுரை அவை போன வழியைப் பார்த்தான். ஓட்டம் பாறையைச் சுற்றி வளைந்து நேராக அல்போன்ஸின் முழங்காலுக்குப் போயிற்று.

அங்கே தண்ணீருக்குள் ஒரு வயிறு வெள்ளையாகப் புரண்டது.

அல்போன்ஸின் கம்பு வளைந்தது.

"அஞ்சு!"

ரங்கதுரை தன் ரப்பர் பூட்ஸைப் பார்த்தான். அதைச் சுற்றி இன்னும் கலங்கியிருந்தது. இடது பக்கம் புரண்ட கற்கள். வலது பக்கம் புரண்ட கற்கள்.

"அப்ப காலையிலேருந்து நான்தான் அவனுக்கு..."

"மீனுக்கு சார். சாப்பாடு போட்டது மீனுக்கு."

"ஏன் முதல்லயே சொல்லலை?"

"நீங்க நின்னாத்தானே சொல்றது?"

ஹாலன் கரைக்குத் திரும்பிவிட்டார்.

ரங்கதுரை இரண்டு காலையும் ஊன்றி நின்றான். கம்பை வீசக்கூட இல்லை. வீசினால் உடம்பு அசையும். கால் நகரும்.

கலங்கல் தெளிந்தது. அடியில் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது.

கீழே அல்போன்ஸ் வீசினான். வீசினான். பூச்சியை மாற்றிப் பார்த்தான். வீசினான்.

"டேய், மீனெல்லாம் எங்கடா போச்சு?"

"தெரியலையே."

அன்று முதல் தடவையாக ரங்கதுரைக்குச் சிரிப்பு வந்தது. முகத்தை மேற்பக்கம் திருப்பிக்கொண்டான்.

கால் மணி நேரம் போயிற்று. கால் விரல்கள் மரத்தன. பிறகு பாதம். குளிர் முழங்காலுக்கு ஏறியது. அவன் அசையவில்லை. புல்லில் நாள் முழுக்க நிழல் விழுந்த இடங்களில் உறைபனி இன்னும் உப்புப் போல் கிடந்தது.

"ரங்கா, ஏன்டா நட்டு வச்ச மாதிரி நிக்கிறே? உடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல."

"ஃபிளாஸ்க்ல டீ இருக்கு. கொண்டு வரவா?"

"வேண்டாம்."

"சரி, இந்த இடத்துக்கு வர்றியா? அஞ்சு எடுத்த இடம்டா. நான் கரையில உட்கார்ந்துக்கறேன்."

ரங்கதுரைக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியது. தண்ணீரின் நிறம் மாறியது. அல்போன்ஸ் கையில் வாயால் ஊதிச் சூடேற்றிக்கொண்டு மறுபடி வீசினான். நூல் சுருண்டு அவன் தொப்பியிலேயே விழுந்தது. அவிழ்த்துவிட்டு மறுபடி வீசினான்.

ஹாலன் கரையோரமாகவே நடந்து வந்தார். இவனுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"கிளம்பலாம் சார். இன்னும் நாலு வீச்சுக்குத்தான் வெளிச்சம் இருக்கு."

"ம்."

"அவர்கிட்ட சொல்லிடவா?"

ரங்கதுரை கீழே பார்த்தான். அல்போன்ஸ் தலையைக் குனிந்து, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லிடவா சார்?"

ரங்கதுரை மரத்துப்போன வலது காலை எடுத்து, எதிரே கிடந்த கல்லைப் பூட்ஸ் முனையால் புரட்டினான். பிறகு அதற்கடுத்த கல்லை.