கருந்துளை விளிம்பும் நாலு மணி பஸ்ஸும்

மலை மேல வானத்தை ஆராயுற ஒரு நிலையம். அங்க ஜெனிட்டா மேடம் குரு, பச்சமுத்து சீடர். குருவை விடச் சீடருக்கு நாலு வயசு கூட. லேட்டா படிக்க வந்தவர். கேள்வி மட்டும் சீக்கிரம் வரும்.

ஒரு நாள் மத்தியானம் ரெண்டு பேரும் டீக்கடையில உக்காந்திருந்தாங்க. கீழ வளைவுல பஸ் ஸ்டாப். மலையை விட்டு இறங்க நாலு மணி பஸ் ஒண்ணுதான்.

மறுநாள் காலையில பச்சமுத்துவோட தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தணும். ஆனா அண்ணனும் தங்கச்சியும் பேசி வருஷக்கணக்காச்சு. அவ பேசல, புருஷனை விட்டுப் போன்ல சொல்ல வெச்சா. இதுக்கும் போகலைன்னா உறவு அதோட முடிஞ்சுது.

"போறீங்களா சார்?"

"போயி, அவ முகம் குடுக்கலைன்னா? எல்லாம் கைமீறிப் போச்சோ என்னவோ. அதை விடுங்க மேடம். கருந்துளை விளிம்புல ஒரு சந்தேகம்."

"விட்டாச்சு. கேளுங்க."

"அதைத் தாண்டினா திரும்பி வர முடியாது. சரி. தாண்டுறப்ப ஒரு குலுக்கலாவது இருக்காதா?"

"பெரிய கருந்துளைன்னா டீ கூடத் தளும்பாது."

"அப்ப கோடு எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"அங்க நிக்கிறவருக்குத் தெரியாது. எங்கேருந்து கிளம்பின வெளிச்சம் என்னைக்குமே வெளிய வந்து சேராதோ, அது உள்பக்கம்."

"என்னைக்குமேன்னா, கடைசி வரைக்கும் காத்திருந்துல்ல பாக்கணும்?"

"ஆமா. நாளைக்கு ஒரு நட்சத்திரம் உள்ள விழப்போகுதுன்னா, விளிம்பு இன்னைக்கே விரிய ஆரம்பிச்சுடும்."

"அதுக்கு யாரு ஜோசியம் சொன்னா?"

மேடம் பையிலேருந்து ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினாங்க.

"நாலு மணி பஸ்ஸுக்கும் ஒரு விளிம்பு இருக்குமே, அதுக்கு மேல பிடிக்கவே முடியாதுன்னு. அதைப் போடுங்க."

பச்சமுத்து கடை வாசல்ல குனிஞ்சு கோடு போட்டார். "இங்கேருந்து பத்து நிமிஷ நடை. மூணு அம்பதுக்கே இதைத் தாண்டி இறங்கியிருக்கணும்." வாட்சைப் பாத்தார். "மணி நாலாகப் போகுது. ரெண்டாவது டீ சொன்னப்பவே போச்சு."

"ரெண்டாவது டீ யாரு சொன்னது?"

"நான்தான்." முகத்துல வருத்தம் இருந்துச்சு. கொஞ்சம் நிம்மதியும் இருந்துச்சு. ஆனா துணிப்பை காலையிலேருந்து தோள்லதான் தொங்குது.

நாலு மணிக்குக் கீழ பஸ் வந்து நின்னுச்சு. கிளம்பல. யாரோ கூரை மேல பலாப்பழம் ஏத்திக்கிட்டிருந்தாங்க. ஒரு பழம் நழுவி, ரோட்டுல உருண்டு ஓடுச்சு. பின்னாடியே கண்டக்டர் ஓடினார்.

"சார், உங்க கோடு எங்க?"

பச்சமுத்து வாசலைப் பாத்தார். "நகந்துடுச்சு போல."

"நகந்துச்சா?"

"இல்ல. அது முதல்லேருந்தே இங்க இல்ல. பஸ் எப்பக் கிளம்புதோ, அதை வெச்சுத்தான் கோடு. நான்தான் முந்திக்கிட்டுப் போட்டுட்டேன்."

பச்சமுத்து எந்திரிச்சார். கோட்டை மிதிச்சு ரெண்டு எட்டு வெச்சவர் திரும்பினார்.

"மேடம், தங்கச்சி விஷயத்துல கோட்டைத் தாண்டியாச்சா இல்லையான்னு மட்டும்..."

மேடம் வளைவைப் பாத்தாங்க.

"கண்டக்டர் பழத்தைப் பிடிச்சுட்டார் சார். ஏத்துறதுக்குள்ள ஓடுங்க."