கொல்லைப்புற டோலி

"கட்டிலெல்லாம் நிறைஞ்சிருக்கு மேடம். ஆனா நோயாளின்னு ஒருத்தர்கூட இல்ல. நான் என்னன்னு எழுதுறது?"

மதிப்பீட்டுப் படிவத்தைப் புரட்டிக்கொண்டே சகாயம் கேட்டார்.

ஆரம்ப சுகாதார நிலையங்களின் செயல்திறனை மதிப்பிடுவது அவர் வேலை. தேறாதவற்றை மூடிவிடுவார்கள். அந்த வேலையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவரே டாக்டர் நூர்ஜஹான்தான். இப்போது நூர்ஜஹானின் மலை நிலையமே தேறவில்லை. மனசு கேட்கவில்லை, ஆனால் மதிப்பீடு மதிப்பீடுதானே.

கட்டில்களில் நிறைமாதப் பெண்கள் படுத்திருந்தார்கள். நாள் நெருங்கியதும் மலைமேல் இருக்கும் ஊர்களிலிருந்து இறங்கி வந்துவிடுவார்களாம். வலி எடுக்கும்வரை இங்கேதான். சாப்பாடு, பேச்சு, தூக்கம். நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தது. கட்டில்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றது. யாரோ தூக்கத்தில் சிரித்தார்கள்.

சகாயத்துக்குக் கண் சொக்கியது. வந்த இடத்தில் இதென்ன கூத்து என்று கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"இவங்க சும்மா படுத்திருக்காங்க மேடம். சும்மா இருக்கிறதுக்கு மார்க் கிடையாது."

நூர்ஜஹான் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழை வரும்போல இருக்கு. கொல்லையில டோலி கிடக்கும், நனையாம எடுத்துட்டு வா," என்றார்.

டோலி எதற்கு என்று சகாயத்துக்குப் புரியவில்லை. ஓரக் கட்டிலில் இருந்த வெள்ளச்சி சொன்னாள். வலி கண்டவளைப் போர்வையில் கிடத்தி, மூங்கிலில் கட்டித் தோளில் தூக்கி வருவார்களாம். அவள் அக்காவையும் அப்படித்தான் தூக்கி வந்தார்களாம்.

"இனி தூக்கிட்டுப் போயி என்னன்னு பாதி வழியிலயே திரும்பிட்டாங்க சார்."

சகாயம் பேனாவை மூடி வைத்தார். எழுந்து கொல்லைக்குப் போனார்.

அங்கேயும் மேகம்தான். கையால் துழாவித்தான் நடக்க வேண்டியிருந்தது. விறகுக் குவியலின்மேல் மூங்கிலும் போர்வையுமாக டோலி கிடந்தது. ரொம்ப நாளாக அதை யாரும் தொடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. போர்வைக்குள் கைவிட்டார். சுருக்கென்று ஒரு கொத்து விழுந்தது.

விரலை உதறிக்கொண்டே வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"எடுக்க முடியல மேடம். உள்ள ஒரு கோழி."

"என்ன பண்ணுது?"

"சும்மா உட்கார்ந்து..."

சகாயம் நிறுத்தினார். வெள்ளச்சி அதற்குள் தூங்கிப்போயிருந்தாள். அவள் விழித்துவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடைகாக்குது மேடம்."