தேவாங்கு வைத்த பெயர்

ஒரு காட்டில், சூரியன் மேற்கே இறங்கியதும் விலங்குகள் எல்லாம் மொட்டைப் பாறையில் கூடி வானம் பார்க்கும். சூரியனைச் சுற்றி அலையும் குறுங்கோள் ஒன்றை யார் முதலில் கண்டாலும், அது ஒரு சுற்றுப் போய்த் திரும்பும்வரை விடாமல் கவனிக்க வேண்டும். அதன் பிறகே அதற்குப் பெயர் வைக்கலாம். தன் பெயரையே வைத்துக்கொள்ளக் கூடாது. வைக்கும் பெயருக்குக் காரணமும் சொல்ல வேண்டும். இதுதான் அந்தக் காட்டின் வழக்கம்.

தேவாங்கு கண்ட குறுங்கோள் அன்று திரும்பி வந்திருந்தது. ஆனால் தேவாங்குக்குப் பாதி சந்தோஷம்தான். கூட உட்கார்ந்து பார்க்க அழுங்கு இல்லை. உடம்பெல்லாம் செதில் மூடிய அந்த நண்பன் போன மழைக்காலத்தில் இறந்துவிட்டான்.

நரி மெல்ல வந்து ஒட்டிக்கொண்டது. "தம்பி, இதுக்கு என் பேரை வை. நாளைக்கு நான் ஒண்ணு கண்டுபிடிச்சா உன் பேரை வைக்கிறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

தன் பெயர் வானத்திலா! தேவாங்குக்கு ஆசை வந்துவிட்டது. 'அழுங்கு பேரை வெச்சா மட்டும் அவன் வந்து பார்க்கவா போறான்?' என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டு, "சரிண்ணே" என்றது.

யானை சபையைக் கூட்டியது. "என்ன பேரு வைக்கப்போறே?"

"நரி."

"அப்படி அவன் என்ன செஞ்சான்?"

தேவாங்கு விழித்தது. விழிப்பதற்கு அதற்குச் சொல்லியா தர வேண்டும்! நரி அதன் காதில், "தினமும் கூடவே உட்கார்ந்திருந்தேன்னு சொல்லு" என்று கிசுகிசுத்தது.

"தினமும் கூடவே உட்கார்ந்திருந்தான்" என்று ஆரம்பித்த தேவாங்குக்கு, அந்தப் பழைய சாயங்காலங்கள் அப்படியே கண்முன் வந்தன. "பக்கத்துல போற எறும்பே அவனுக்குச் சரியாத் தெரியாது. ஆனாலும், 'இன்னிக்கு எங்க வந்திருக்கு? சொல்லு, சொல்லு'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பான். மேகம் மூடிச்சுன்னு சலிச்சுப்போய் நான் கிளம்பினா, வாலால வளைச்சுப் பிடிச்சு உட்கார வைப்பான். செதில் குத்தும். குத்தினாலும் நல்லாத்தான் இருக்கும்..."

"ஏம்ப்பா, நரிக்கு ஏது செதில்?" என்றது யானை.

காடே சிரித்தது. நரி வாலைச் சுருட்டிக்கொண்டு புதருக்குள் நழுவியது. தேவாங்கு மட்டும் தேம்பித் தேம்பி அழுதது.

"தப்பு பண்ணிட்டேன் யானையம்மா. அது அழுங்கு. அவன் இல்லேன்னா நான் என்னிக்கோ விட்டுட்டுப் போயிருப்பேன்."

"அழுங்கு!" என்று யானை தும்பிக்கையைத் தூக்கி உரக்கச் சொன்னது. அந்தச் சின்னப் புள்ளியைப் பார்த்து எல்லா விலங்குகளும் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டன.

நீதி: துணை நின்றவரை மறந்துவிட்டுப் பெயர் தேடாதே.