ஆனை ஏறாத ஸ்பானர்

நாற்பது வருடம் ஆகியும் அந்த ‘டக்’ என்ற சத்தம் பாவாயியின் காதை விட்டுப் போகவில்லை. அன்று நாமக்கல் லாரிப் பட்டறையில் இறுகிப்போன சக்கர நட்டைக் கழற்ற, ஸ்பானரின் கைப்பிடியில் விசை கூடுவதற்காக நீளக் குழாயை மாட்டி அழுத்தினாள். வாங்கி ஒரு வாரமே ஆன ஸ்பானர் வாய் பிளந்தது.

“மாத்தி வாங்கிட்டு வா. இல்லேன்னா வேலைக்கே வராதே,” என்றார் பட்டறை முதலாளி.

கடைக்காரர் அர்த்தநாரி அதைக் கையில்கூட வாங்கவில்லை. “குழாய் மாட்டுனியா? அப்பக் கேரண்டி கிடையாது. நட.”

பாவாயி நடக்கவில்லை, ஓரமாக நின்றாள். சற்று நேரத்தில் லாரிக்காரர் ஒருவர் வந்து அதே ரக ஸ்பானரில் இருபது கேட்டார்.

“குழாய் மாட்டுனாத் தாங்குமான்னு கேட்டுக்கங்கண்ணா,” என்றாள் பாவாயி, பணிவாக.

அவரும் கேட்டார். இருபது ஸ்பானர் வியாபாரம் அர்த்தநாரியின் கண்ணை மறைத்தது.

“குழாயா? ஆனையே ஏறி நின்னாலும் அசையாதுங்க!”

பாவாயி பிளந்த ஸ்பானரை மேசைமேல் வைத்தாள். “அப்ப இதை மாத்திக் குடுங்க. நான் குழாய் மட்டுந்தான் மாட்டுனேன். எங்க பட்டறைக்கு ஆனை வரலீங்க.”

லாரிக்காரர் கடை அதிரச் சிரித்தார். அர்த்தநாரி புது ஸ்பானரை எடுத்து நீட்டினார்.

பாவாயி அந்தப் பட்டறையிலேயே முப்பது வருடம் வேலை பார்த்தாள். குழாயை மட்டும் அப்புறம் தொடவேயில்லை.