உடைமரக்காட்டைக் கணக்கெடுத்த நாரை

"எத்தனை பேரு, என்ன தொழிலு, வீட்டுல என்ன இருக்கு, பிள்ளைங்க எங்க இருக்கு, எல்லாத்தையும் விசாரிச்சுட்டுத்தான் போகணும்."

குளக்கரையில் ஒரு நாரை மீன்கொத்தியிடம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தது. மரத்திலிருந்து இறங்கிய அணிலின் காதில் அது விழுந்தது. மீதியைக் கேட்க அணில் நிற்கவில்லை. நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

உடைமரக்காடு கடலுக்கும் தூரம், ஆற்றுக்கும் தூரம். ஐப்பசியில் மழை பெய்தால் புல்லரிசி கிடைக்கும். பெய்யாவிட்டால் கறையானும் வேப்பம்பழமும்தான். அதனால் கால் வலுத்த பிள்ளைகளெல்லாம் பிழைப்புத் தேடி ஆற்றங்கரைத் தோட்டங்களுக்குப் போய்விட்டன. காட்டில் மிச்சம் இருந்தவை வயதானவையும் குட்டிகளும்தான்.

அந்தக் காட்டில் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து குடும்பம், தொழில், சொத்து என்று விசாரித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சம்பந்தம் பேச வந்திருக்கிறார்! அப்படி விசாரிக்க வந்தவரிடம் பக்கத்து வீட்டைப் பற்றிக் குறைவாக ஒரு வார்த்தை சொல்வது அங்கே பெரிய பாவம். ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பேர் யாருக்கு வேண்டும்? ஆகவே இருப்பதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வதும், இல்லாததை இருப்பதாகச் சொல்வதும் அங்கே நல்ல மனசுக்கு அடையாளம்.

அணில் நேராகக் கவுதாரியிடம் ஓடியது. கவுதாரி குளக்கரையில் சூரைப்புதர் என்கிற ஒரு முள்செடிக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. பத்து நாளாக அங்கேயேதான் உட்கார்ந்திருந்தது. கேட்டவர்களிடம் கால் வலி என்று சொல்லி வைத்திருந்தது. உண்மையில் அதன் வயிற்றுக்கு அடியில் எட்டு முட்டைகள் இருந்தன. தரையில் முட்டையிடும் பறவை அதை யாருக்கும் சொல்வதில்லை. நரி இருக்கிற காட்டில் சொல்லவும் முடியாது.

கவுதாரிக்குக் குளத்தைப் பற்றித்தான் கவலை. இன்னும் ஒன்பது நாளில் குஞ்சு பொரிக்கும். கவுதாரிக் குஞ்சு பொரித்த அன்றே நடக்கும், நடந்த அன்றே தண்ணீர் கேட்கும். குளத்தின் நடுவிலோ ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத்தான் தண்ணீர் மிச்சம் இருந்தது. ஒரு வாரம் தாங்கினால் அதிகம். ஆற்றங்கரைக்குப் போன கணவனிடமிருந்து சேதி இல்லை.

"அக்கா, சங்கதி தெரியுமா? நாரை தரகு வேலையா வந்திருக்கு" என்றது அணில். "யாரு வீட்டுக்குன்னு தெரியலை. எனக்கும் ஒரு மக இருக்கா. உன்கிட்ட கேட்டா நாலு வார்த்தை நல்லதாச் சொல்லு."

"நான் ஏன்டி கெடுக்கப் போறேன்?" என்றது கவுதாரி.

உச்சிவேளைக்குள் காடு முழுவதும் சேதி பரவிவிட்டது. முயல் வளை வாசலைக் கூட்டியது. மயில் உதிர்ந்த இறகுகளைப் பொறுக்கி வந்து வாலில் செருகிக்கொண்டது.

நாரை ஒரு பனையோலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக வந்தது. கேட்டதைக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடி அலகால் கீறிக்கொண்டது.

முயல் தனக்கு ஏழு பிள்ளைகள், ஏழும் வீட்டோடுதான் இருக்கின்றன, ஆற்றங்கரைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை என்றது. உண்மையில் அதில் ஆறு பிள்ளைகள் ஆற்றங்கரைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. அணில் வீட்டைப் பற்றி முயலிடம் கேட்டபோது, மூன்று பொந்து நிறைய விதை இருக்கிறது, வைக்க இடமில்லாமல் தவிக்கிறார்கள் என்றது. மயில், குளத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், அடியில் ஊற்று இருக்கிறது, தண்ணீர் விஷயத்தில் இந்தக் காட்டுக்கு எந்தக் குறையும் இல்லை, வேண்டியவர் குளிக்கக்கூடச் செய்யலாம் என்றது.

நரியைப் பற்றி விசாரித்தபோதுகூட யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. "தங்கமான குணம்" என்று எல்லோரும் சொன்னார்கள். "இதுவரைக்கும் யாரையும் தொட்டதில்லை" என்றது அணில். பக்கத்துப் பாறையில் படுத்திருந்த நரிக்கே அதைக் கேட்டு வெட்கமாகப் போய்விட்டது.

கடைசியாக நாரை சூரைப்புதருக்கு வந்தது.

"பிள்ளைங்க எத்தனை?"

"எட்டுங்க. வீட்டை விட்டு வெளிய போகாத பிள்ளைங்க" என்றது கவுதாரி.

"அணில் வீட்டு வசதி எப்படி?"

"அவங்களுக்கு என்னங்க குறைச்சல்?"

சாயங்காலம் நாரை எல்லோரையும் குளக்கரைக்கு அழைத்தது. ஓலையை விரித்து, கீறியதையெல்லாம் வாசித்துக் காட்டியது. அதன்படி உடைமரக்காட்டில் பிள்ளைகள் நிறைய. ஊரை விட்டுப் போனவர் ஒருவரும் இல்லை. தானியம் தேவைக்கு மேல் இருக்கிறது. தண்ணீர் தாராளம். பகை இல்லை, பயம் இல்லை. கேட்கக் கேட்க எல்லோருக்கும் பெருமையாக இருந்தது. இப்படி ஒரு காடு எங்கே இருக்கிறது என்று ஆமை பக்கத்தில் இருந்த உடும்பிடம் விசாரித்தது.

"சரி, யாரு வீட்டுல சம்பந்தம்?" என்று அணில் மெல்லக் கேட்டது.

"என்ன சம்பந்தம்? மலையணை மதகைப் பார்த்துக்கிற யானை அனுப்பிச்சு வந்திருக்கேன்" என்றது நாரை. "இந்த வருஷம் அணையில ஒரு காட்டுக்குத்தான் தண்ணி இருக்கு. எந்தக் காடு ரொம்பக் கஷ்டப்படுதோ அதுக்குத் திறந்து விடுவாரு. முன்னாடியே சொன்னா எல்லாரும் குறைச்சுச் சொல்வீங்கன்னு காரணத்தைச் சொல்ல வேண்டாம்னுட்டாரு. உங்களுக்கு அந்தக் கவலையே இல்லை. நான் வர்றேன்."

எல்லோரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தார்கள். முயல் தன் ஏழு பிள்ளைகளில் ஆறு போய்விட்டதைச் சொன்னது. மயில் தண்ணீர் பற்றிச் சொன்னதை அவசரமாகத் திரும்ப வாங்கிக்கொண்டது.

நாரை சிரித்தது. "தண்ணின்னு சொன்னதும் எல்லாரும் ஏழையாயிட்டீங்களா? மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு சொன்னா நான் எதை எழுதறது? இனிமே கண்ணால பார்த்தாத்தான் எழுதுவேன். வீட்டைத் திறந்து காட்டுங்க, பார்க்கலாம்."

யாரும் அசையவில்லை. சொல்வது வேறு, காட்டுவது வேறு. காலிப் பொந்தை ஊரே பார்த்த பிறகு தன் மகளை யார் கட்டுவார்கள் என்று அணில் முணுமுணுத்தது. முயல் தன் மனைவியைப் பார்த்தது. மனைவி தரையைப் பார்த்தது. மயில், முதலில் யாராவது காட்டட்டும், பிறகு தானும் காட்டுவதாகச் சொன்னது. நாரை ஓலையைச் சுருட்டி, இறக்கையை விரித்தது.

"அய்யா, கொஞ்சம் இங்க வாங்க" என்றது கவுதாரி.

எல்லோரும் புதர்ப் பக்கம் திரும்பினார்கள். நரியும் திரும்பியது.

"அக்கா, உனக்குக் கால் வலியாச்சே. நீ ஏன் அலட்டிக்கிறே?" என்றது அணில்.

"காலுக்கு ஒண்ணுமில்லைடி. நாம எல்லாரும் நல்லவங்கதான். ஒருத்தர் குறையை ஒருத்தர் மூடி மூடி வெச்சோம். ஆனா குறையை மூடி வெச்சா, அதைத் தீர்க்க வர்றவங்களுக்கு வழி எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டுக் கவுதாரி ஒருமுறை நரியைப் பார்த்தது. பிறகு எழுந்து, இரண்டடி தள்ளி நின்றது.

எட்டு முட்டைகளும் வெளியே தெரிந்தன.

நாரை குனிந்து எண்ணியது. பிறகு குளத்தைத் திரும்பிப் பார்த்தது. ஓலையை மறுபடி விரித்து, நரியைப் பற்றிய வரியை முதலில் அடித்தது. நரி, எனக்கு வேலை இருக்கிறது என்று எழுந்து போனது.

முயல் முன்னால் நடந்து தன் வளையைக் காட்டியது. அடுத்து அணில் பொந்தைக் காட்டியது. மயில் செருகி வைத்திருந்த இறகுகளை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டது. இருட்டுவதற்குள் நாரை ஒரு புது ஓலையை எழுதி முடித்து மலைப் பக்கம் பறந்துவிட்டது. அன்றே காட்டில் உள்ளவர்கள் முள்ளுக் கொம்புகளை இழுத்து வந்து சூரைப்புதரைச் சுற்றி வேலி போட்டார்கள். ஆளுக்கு ஒரு வேளை காவலும் இருந்தார்கள்.

எட்டாம் நாள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. பத்தாம் நாள் காலையில் முயலும் அணிலும் முள்ளை விலக்கி வழிவிட, கவுதாரி எட்டுக் குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு குளத்துக்கு நடந்தது.