மேடையேறிய திருட்டுப் பிரதி

கதையைச் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு உங்கள் பொறுப்பு.

தூத்துக்குடியில் மெர்லின் என்றொரு நர்ஸ் இருந்தாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்தால் அவளுக்கு 'அலைவேகம்' ஆடியாக வேண்டும். பாய்மரப் படகை அலைமேல் விரட்டும் இணையப் பந்தயம் அது. கோவையில் கோதைநாயகி என்ற பெண் தனியாளாக உருவாக்கியது. பார்க்க அத்தனை அழகு. ஆனால் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிற நேரம் பார்த்துப் படகு அப்படியே நின்றுவிடும்.

எல்லாம் கோதைநாயகி போட்ட பூட்டால் வந்த வினை. திருட்டுப் பிரதிகளைத் தடுக்க, 'இவர் காசு கொடுத்து வாங்கியவர்தானா?' என்று ஆட்டம் அடிக்கடி சர்வரைக் கேட்கும். பதில் வரத் தாமதமானால் படகு நகராது.

மெர்லினின் கணவன் ரோலண்டும் காசு கொடுத்துத்தான் வாங்கினான். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தான். கம்ப்யூட்டர் படித்தவன், பிறகு பூட்டைக் கழற்றிவிட்டான். அதோடு நின்றானா? மச்சான், சித்தப்பா மகன், தெருக்காரர்கள் என்று கேட்டவருக்கெல்லாம் பிரதி எடுத்துக் கொடுத்தான். கணவனும் மனைவியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆடுவார்கள். அவன் படகு பறக்கும், அவள் படகு நிற்கும்.

"நீயும் இதைப் போட்டுக்கோயேன். காசு கொடுத்தவதானே?" என்பான் ரோலண்ட்.

"உங்க பூட்டை நீங்க உடைச்சீங்க, சரி. தெருவுக்கே சாவி அடிச்சுக் கொடுத்தீங்களே, அது யார் வீட்டுச் சாவி?"

தலையணை பறக்கும். கடைசியில் இருவரும் சிரித்துவிடுவார்கள். ஆனாலும் அவள் அந்தப் பிரதியைத் தொடவில்லை. கோதைநாயகிக்குப் புகார் மேல் புகார் அனுப்பிக்கொண்டு, நிற்கிற படகிலேயே ஆடி ஆடி, மாநிலப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கே போய்விட்டாள்.

மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. மெர்லினை எதிர்த்துத் திருப்பூர் சரவணப்பிரியன். பார்க்க வந்தவர்களும் ஆளுக்கொரு போனில் அதே ஆட்டத்தைத் திறந்திருந்தார்கள். சர்வர் திணறியது. பாதிக் கடலில் இரண்டு படகும் நின்றன. மறுபடி தொடங்கினார்கள், மறுபடி நின்றன. மண்டபமே விசிலடித்துச் சிரித்தது. போட்டியை நடத்த வந்திருந்த கோதைநாயகிக்கு வியர்த்துக் கொட்டியது.

மனைவியோடு வந்திருந்த ரோலண்ட் கூட்டத்திலிருந்து எழுந்தான். "மேடம், என்கிட்ட ஒண்ணு இருக்கு, நிக்காது. ஆனா அது பூட்டு உடைச்சது."

மெர்லின் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"உடைச்சது நீங்கதானா?" என்றாள் கோதைநாயகி.

"ஆமா. ஊருக்குக் கொடுத்ததும் நான்தான்."

"அதை அப்புறம் பேசிக்கலாங்க. இப்ப ரெண்டு பேருக்கும் அதையே போட்டு விடுங்க."

சரவணப்பிரியனும் தலையாட்டினான். பந்தயம் தொடங்கியது. இந்த முறை படகுகள் நிற்கவே இல்லை. முதன்முறையாகத் தடங்கல் இல்லாத கடலைப் பார்த்த மெர்லினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைசி அலையில் சரவணப்பிரியனை முந்தி எல்லையைத் தொட்டாள்.

பரிசான வெள்ளித் துடுப்பு அவள் கைக்கு வந்தது. சரவணப்பிரியன் அருகே வந்தான்.

"நல்லா ஓட்டுனீங்க அக்கா. ஆனா திருட்டுப் பிரதியில ஜெயிச்சது எப்படி ஜெயிப்பாகும்?"

தானே இத்தனை நாள் பேசிய நியாயம் அல்லவா அது? மெர்லின் துடுப்பைக் கோதைநாயகியிடம் திருப்பி நீட்டினாள். "என் பிரதி இல்லாட்டி போட்டியே நடந்திருக்காது. அப்ப நான் செஞ்சது சரிதானே?" என்றான் ரோலண்ட். "போடச் சொன்னவ நானுங்க. துடுப்பு உங்களுக்குத்தான்" என்று மெர்லினிடம் சொன்னாள் கோதைநாயகி.

இந்த நால்வரில் யார் பக்கம் நியாயம்? மெர்லின் துடுப்பை வைத்துக்கொள்ளலாமா, கூடாதா?

விடை: வைத்துக்கொள்ளலாம். உடையவர் சம்மதம் இல்லாமல் எடுத்தால்தான் அது திருட்டு. ஆட்டத்துக்கு உடையவளே 'போடுங்கள்' என்று சொன்ன பிறகு, அந்த மேடையில் ஓடியது திருட்டுப் பிரதி அல்ல. இருவருக்கும் ஒரே கடல், ஒரே காற்று. ஆகவே கோதைநாயகி சொன்னதே சரி. ரோலண்ட் தன் பூட்டைக் கழற்றியதை மன்னிக்கலாம், ஊருக்குக் கொடுக்க அது அவன் பொருள் இல்லை. சரவணப்பிரியன் இதை ஒப்புக்கொண்டு மெர்லினுக்குக் கைகொடுத்தான். பூட்டில்லாத புதுப் பதிப்பைச் சரிபார்த்துத் தரும் வேலையைக் கோதைநாயகி ரோலண்டிடம் ஒப்படைத்தாள். சம்பளம் உண்டா என்று அவன் கேட்டதற்கு, மெர்லின் முந்திக்கொண்டு இல்லை என்றாள்.